வெல்ல மண்டித் தராசில் நைனா

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது நாலுதானே என்று ஊரில் திருத்துவார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனாலும் ஐந்து வரைக்கும் எண்ணத் தெரியும். நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருத்தணி மலையடிவாரத்தில் அவருக்கு டிபன் கடை. ஆள் நூற்றுப் பதினைந்து கிலோ. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நைனா வாசலில் நின்றால் போதும். சாமி பார்த்து இறங்குகிற சனம் அந்த வயிற்றைப் பார்த்ததும், இங்கே சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும் என்று தாமாகவே உள்ளே வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அவன் பேச மாட்டான். முகம் பார்க்க மாட்டான். தொட்டால் உதறுவான். கடை டம்ளர்களை வரிசையாக அடுக்கி வைப்பான், ஒன்று விலகினாலும் பொறுக்காது. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். இப்போது அதற்கு ஆட்டிசம் என்கிறார்கள். அப்போது தெருவுக்குத் தெரு அவனுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், ஒன்றும் நல்ல பெயர் இல்லை. ஒருநாள் ரயில் பாதைப் பக்கமாக ஓடினான். துரத்திப் போன நைனா பத்துக் கடை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். பூக்காரம்மாதான் பிடித்துக் கொண்டுவந்தாள்.

மறுநாள் நைனா கடைத்தெருக்காரர்களை ஒன்றுகூட்டினார். மெட்ராஸில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறதாம். சேர்க்கப் பணம் வேண்டும். அவர் உடம்பில் குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு ரூபாய் தரவேண்டும். ஆடிக் கிருத்திகைக்குள் முப்பது கிலோ குறைப்பார். ஒரு மாதம் எடை ஏறினாலும் பேச்சு முடிந்தது, கொடுத்ததையெல்லாம் திருப்பிவிடுவார். தெருவே ஒத்துக்கொண்டது. குறையும் என்று ஒருத்தரும் நம்பவில்லை, அதனால்தான்.

மாதா மாதம் கிருத்திகையன்று என் மாமாவின் வெல்ல மண்டியில் எடை. உத்தரத்தில் சங்கிலியால் கட்டிய பெரிய தராசு. ஒரு தட்டில் நைனா, மறு தட்டில் எடைக்கற்கள். விடிந்ததும் மலைப்படி ஏறி இறங்குவார். நாளெல்லாம் இட்லி அவிப்பார், தாம் கூழைக் குடிப்பார். மாதம் நாலைந்து கிலோ இறங்கியது. வியாபாரமும் கூடவே இறங்கியது. கடைக்காரரே இளைத்துப்போன கடையில் யார் சாப்பிடுவார்கள்?

அக்கா புருஷன் என்பதால் நைனாவைப் பாவா என்று கூப்பிடுகிற மாமாதான் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இப்டியே போனா ஆடிக்குள்ள பாவா கரைஞ்சி காணாம பூடுவாரு."

மழையில் நனைந்த வெல்ல மூட்டை கரைந்து வாய்க்காலில் ஓடியதை அந்த மண்டியிலேயே பார்த்தவள் நான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயில் துலாபாரத்தில்கூடப் பிள்ளை கனமாக இருந்தால்தான் எல்லாருக்கும் சந்தோஷம். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி?

ஆனிக் கிருத்திகையன்று, நைனா தட்டில் உட்கார்ந்ததும் நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் பதுங்கி, அவர் தட்டின் சங்கிலியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

மாமா கல் வைத்தார். தட்டு எழவில்லை. இன்னொரு கல் வைத்தார்.

"இன்னா பாவா, திருட்டு வடையா? ஆறு கிலோ ஏறிக்கீது."

முருகன் மேல் ஆணை என்றார் நைனா. கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் பணத்துக்குக் கையை நீட்டினார்.

தம்பி மட்டும் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கோணலாக நின்றது அவனுக்குப் பொறுக்கவில்லை. மூட்டைகளைச் சுற்றி வந்தான். யாரையும் தொடாத பிள்ளை, சங்கிலியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

நைனா மேலே போனார். எடைக்கற்கள் கீழே வந்தன, மாமாவின் கால் கட்டைவிரல் மேல். மாமா போட்ட கூச்சல் மலை உச்சிக்கே கேட்டிருக்கும். தம்பி காதைப் பொத்திக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் ஓடினான். தட்டிலிருந்து குதித்து நைனா ஓடினார். பத்துக் கடை தாண்டினார், பூக்காரம்மாவைத் தாண்டினார், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே அவனைப் பிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு யாரும் எடை கேட்கவில்லை. முழுப் பணமும் வந்தது. மாமா இரண்டு பங்கு கொடுத்தார், கட்டைவிரலைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று.

எனக்கு அடி விழும் என்று நின்றேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று நைனா கேட்டார். நீ கரைந்துவிடுவாயே என்றேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "கரைஞ்சிதான் பூடுவேன் பாப்பா. இன்னைக்கில்ல, அதுக்கு நாளு கீது. நீ நல்லா ஓடக் கத்துக்கோ."

மறுநாள் விடியலிலிருந்து என்னையும் படியேற்றினார். சங்கிலியைப் பிடித்ததற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு படியிலும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

மெட்ராஸ் பள்ளிக்கூடத்தில் தம்பி நாலு வார்த்தை கற்றுக்கொண்டு திரும்பி வந்தான். பல வருஷம் கழித்து நைனா போன அன்று, சாவு மேளம் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். அப்போது எனக்கு நாலு பிள்ளைகள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி, ரயில்வே கேட்டில் அவனைப் பிடித்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அங்கே நிற்கும்போதுதான் அந்தப் படியெல்லாம் எதற்கென்று தெரிந்தது.

போதும். எங்கே, முதலிலிருந்து வாசி கண்ணு. ஐந்து என்று எழுதினாயா, நாலு என்று எழுதினாயா, பார்க்கிறேன்.