மாடிக்கு ஒரு சட்டம்

அந்தக் கட்டடத்தில் ஆறு குடித்தனம், மொட்டை மாடியில் நாலு கொடி. சண்டைக்கு அதுவே போதும். முந்திக்கொண்டு மாடியேறியவர் நாலையும் வளைத்துப் போடுவார்; பிந்தி வந்தவர் அந்த ஈரத் துணியை உருவித் தரையில் எறிவார். ஒருநாள் பஸ் டிரைவரின் மனைவியும் முதல் மாடி பேங்க்காரரும் ஒரே கொடியை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், கொடி கட்டியிருந்த கம்பம் சாய்ந்து அந்தப் பெண்ணின் கையை முறித்தது.

அன்றைக்குத்தான் எல்லோரும் தரைத்தளத்துத் தையல்காரியின் கதவைத் தட்டினார்கள். அவள் யார் வம்புக்கும் போகாதவள். கணவன் போன பிறகு அம்மாவும் தையல் மிஷினுமாகக் காலத்தை ஓட்டுகிறவள். "நீங்க பொதுவான ஆளு. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படுறோம்" என்று கெஞ்சி, அந்தத் தலைவலியை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள்.

துணி வெட்டுகிற மாதிரியே அவள் கறாராக வெட்டினாள். ஆறு வீடு, ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை மாடி பூட்டு, சாவி அவளிடம். அவரவர் நாளில் நாலு கொடியும் அவரவருக்கு. யாருக்கும் எதற்கும் சலுகை கிடையாது. ஒருத்தருக்கு இளகினால் மறுபடி அடிதடி என்று நினைத்தாள். அதில் தப்பும் இல்லை. அதற்கப்புறம் மாடியில் சத்தமே கிடையாது. 'மந்திரியம்மா' என்று கேலியாக ஆரம்பித்த பெயர் மெல்ல மரியாதையாகிவிட்டது. அவளுக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

பிறகு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானாள். தினமும் விரிப்பு நனைந்தது. தையல்காரிக்கு வியாழன் ஒருநாள்தான். மற்ற நாளெல்லாம் வெயில் எட்டிப் பார்க்காத அறையில், மிஷின் மேலும் நாற்காலி முதுகிலும் ஈர விரிப்பு தொங்கியது. சரியாகக் காயாததை விரித்து விரித்து அம்மாவின் இடுப்பில் புண் வந்துவிட்டது. இன்னும் ஈரம் பட்டால் புண் ஆழமாகும் என்று நர்ஸ் கண்டித்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பேங்க்காரரின் நாள். அவள் மாடியேறிப் பார்த்தாள். அவருடைய இரண்டு பனியன் ஒரு கொடியில் ஆட, மற்ற மூன்றும் சும்மா கிடந்தன, வெயிலோ கொளுத்தியது. ஒரே ஒரு விரிப்பைப் போட்டாள். யார் போய்ச் சொன்னார்களோ, கிளிப் மாட்டி முடிப்பதற்குள் பேங்க்காரர் வந்து நின்றார். பின்னாலேயே டிரைவர் மனைவியும் மற்றவர்களும்.

"இன்னிக்கு யாரோட நாளும்மா?"

"உங்க நாள்தான் சார். அம்மாவுக்குப் புண்ணு வந்திருச்சு. கொஞ்ச நேரம் காயட்டும், எடுத்துடறேன்."

"சட்டம் நீங்க போட்டது. நீங்களே சொல்லுங்க, போடலாமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இந்த மனிதர்கள் இப்போதுதான் ஒன்றுசேர்ந்து நிற்கிறார்கள், அதுவும் நோயாளியின் விரிப்புக்கு எதிராக. "கொடி சும்மாதானே சார் கெடக்கு? சட்டம் போட்டப்போ எங்கம்மா நடந்துட்டிருந்தாங்க. இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பேங்க்காரர் குரலை உயர்த்தவில்லை. "போன வருஷம் எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா. குழந்தைத் துணி காயப்போட உங்க நாள்ல ஒரு கொடி கேட்டேன். நீங்க தலை நிமிராம தைச்சுக்கிட்டே முடியாதுன்னீங்க. சட்டம் போட்டப்போ எம் பேத்தி பொறக்கவே இல்லம்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவர் மேல், வெறுமனே கிடக்கும் கொடிகள் மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல்.

"மாத்திடலாம் சார்" என்றாள். "இப்பவே மாத்திடலாம்."

"நீங்க ஒருத்தரே எப்படி மாத்துவீங்க? எல்லாரும் உக்காந்து பேசணும். அதுவரைக்கும் இருக்கறதுதான் சட்டம்."

டிரைவர் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை பேசலாங்க்கா" என்றாள்.

தையல்காரி கிளிப்புகளைத் தானே கழற்றினாள். விரிப்பு அவள் கையை நனைத்துக்கொண்டு படியிறங்கியது. கீழே, விரிப்பில்லாத மெத்தையில் ஒருக்களித்துக் கிடந்த அம்மா கேட்டாள், "காஞ்சிருச்சா?"

"இல்லம்மா. ஞாயித்துக்கிழமை பேசப் போறாங்களாம்."