எழுதியவர் வாய் திறக்கக்கூடாது

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு டுடோரியலின் மாடியறையில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் எங்கள் கூட்டம் நடக்கும். எழுதுகிறவர்களும் எழுத ஆசைப்படுகிறவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். கதையைப் பெயர் போடாமல் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தை நடத்தும் தமிழாசிரியர் அதை வாசிப்பார். எல்லோரும் பேசி முடித்து டீ வரும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. யாராவது நம்மைச் சந்தேகப்பட்டால் ‘நான் இல்லை’ என்றும் சொல்லக்கூடாது. ஆளாளுக்கு மறுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் மாட்டுவது எழுதியவர்தானே.

அன்றைக்கு என் கதை. அன்றைக்கென்று சேலத்திலிருந்து ஒரு பதிப்பாளரும் வந்திருந்தார். மாவட்டத்தில் புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடப்போகிறார், நம்மிடமிருந்தும் எடுப்பார் என்று காலையில்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் விட்டால் எங்கள் ஆட்கள் பெயர் வேறெங்கும் அச்சானதில்லை. ஒரு புத்தகத்தில் என் பெயர் வர வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்; ஆனால் அது ரொம்பவும் வேண்டியிருந்தது.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண் தானே பேசுவதுபோல எழுதியிருந்தேன். என் அம்மா வருஷக்கணக்காகப் போன வேலை அது. வாசித்து முடித்ததும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார்.

“சிமெண்ட் சட்டிய சும்மாட்டு மேல வச்சு வச்சு உச்சியில முடி கொட்டிப்போச்சுன்னு எழுதியிருக்குது பாருங்க. இத எந்த ஆம்பள எழுதுவான்? சொந்தப் பொண்டாட்டி தலையவே நாம பாத்ததில்ல.”

“பாக்கறதுக்கு நீ எங்கய்யா வூட்ல இருக்கற” என்றார் தமிழாசிரியர்.

சிரிப்பு அடங்கியபோது எல்லோருடைய பார்வையும் அரூரிலிருந்து வரும் நர்ஸ் அக்காமேல் இருந்தது. அன்றைக்கு வந்திருந்த ஒரே பெண் அவர்தான். மறுக்கக்கூடாது என்பதால் அக்கா தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

“பெண் எழுத்துதாங்க, சந்தேகமே இல்ல” என்றார் பதிப்பாளர். “தொகுப்புல பெண்கள் கம்மின்னு கவலையில இருந்தேன். இத நான் எடுத்துக்கறேன்.” பிறகு அக்கா பக்கம் திரும்பி, “கடைசிப் பத்தி மட்டும் வேணாம்மா. அவ பஸ் ஏறுன எடத்துலயே நிறுத்திடுங்க” என்றார்.

அக்கா மின்விசிறியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். என் கதையை எடுத்துவிட்டார்கள். ஆனால் என்னிடமிருந்து எடுக்கவில்லை. டீ எப்போது வரும் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ வந்ததும் எழுந்தேன். “சார், கதை என்னுதுங்க.”

“அப்பாடா” என்றார் நர்ஸ் அக்கா. “இனிமே கீழ பாக்கலாம். கழுத்து புடிச்சிக்கிச்சு.”

பதிப்பாளரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் டீயை ரொம்ப மெதுவாகக் குடித்தார்.

பஸ் ஏற்றிவிட அவரோடு நடந்தேன். “கதை நல்ல கதைதான் தம்பி” என்றார். “ஒரு பொம்பளப் பேரு வச்சுக்கங்களேன். புனைபெயர்தானே. யாரும் செய்யாததா? உங்க கதையும் வெளிய வந்துடும், எனக்கும் கொற தீரும்.”

கெட்ட மனுஷர் இல்லை. வழியைத்தான் சொன்னார். சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பா முன்னால் விரித்து, ‘இதுதான் நான்’ என்று எந்த எழுத்தின்மேல் விரலை வைப்பேன்? அவருக்குப் படிக்கத் தெரியாது. வேறு யார் பெயரைக் காட்டினாலும் நம்பிவிடுவார். அதுதான் உறுத்தியது.

சேலம் பஸ் நகரத் தொடங்கியபோது ஜன்னலோரம் ஓடிப்போய், “என் பேர்லயே போடுங்க சார். முடியலன்னா வேணாம்” என்றேன். சொன்ன வேகத்திலேயே திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றியது.

“சரி தம்பி, பாக்கலாம்.”

அந்தப் ‘பாக்கலாம்’ என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கடைசிப் பத்தியை எடுத்தேன், மறுபடி சேர்த்தேன், மறுபடி எடுத்தேன். போன் அடித்தால் அவராக இருக்குமோ என்று ஓடிப்போய் எடுத்தேன். பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கதையை விட்டுவிட்டோமோ என்று வேலைக்கு நடுவிலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்தது. நர்ஸ் அக்காவின் வேறொரு கதை அதில் இருந்தது. என்னுடையது இல்லை. கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்த ஜெராக்ஸ் கடை அண்ணன் பொருளடக்கத்தைத் திறந்து காட்டவே கூச்சப்பட்டார்.

“போன் போட்டு கேட்டுப்புடு” என்றார். “இல்லன்னா நீ நொந்துக்கிட்டே இருப்ப.”

படிக்கட்டில் இறங்கி நின்று அழைத்தேன்.

“பேருக்காக இல்ல தம்பி” என்றார் பதிப்பாளர். “கடைசிப் பத்திய எடுத்து அனுப்பச் சொன்னேன். நீங்க அனுப்பவே இல்லையே.”

அன்றைக்கு அதை அவர் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். எழுதியவன் பக்கத்து நாற்காலியில் இருப்பது அவருக்குத் தெரியாது. டீக்கு அப்புறம் அதை என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை; கேட்க எனக்கும் தோன்றவில்லை. இல்லை, பெயர்தான் காரணமா? இப்போது சொல்வது சமாதானமா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இப்ப அனுப்பட்டுங்களா?”

“அனுப்புங்க. அடுத்தது ஒண்ணு போடறதா இருக்குது. பாக்கலாம்.”

மேலே வேறு யாருடைய கதையோ வாசிப்பில் இருந்தது. ஏறிப் போக மனம் வரவில்லை. படியில் உட்கார்ந்து, பஸ் ஏறின இடத்தோடு கதையை நிறுத்தி, கீழே என் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி உடனே விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.