அவன் ஆடாத ஆட்டம்

என் அக்கா மகன் கனடாவில் பிறந்தவன். பதினெட்டு வயதில், 1998 கோடையில், அவன் நியூ ஜெர்சிக்கு வந்து பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் குடியேறினான். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன சாக்கர் கிளப் அவனை எடுத்துக்கொண்டிருந்தது. சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. தங்குவதற்குச் சித்தி வீடு இருக்கிறது என்றதும் கிளப்காரர்களுக்கும் நிம்மதி.

அக்கா கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கனடாவுக்குப் போய், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் சேர்ந்தவர், அதைவிட்டு நகரவே இல்லை. மகன் பந்து விளையாடுவதை அவர் ஒரு வியாதி மாதிரி பொறுத்துக்கொண்டிருந்தார், வயது ஏறினால் சரியாகிவிடும் என்று. நியூ ஜெர்சிக்கு அனுப்பும்போது ஒரு நிபந்தனை போட்டார். சாயங்காலம் கம்யூனிட்டி காலேஜில் கணக்கும் இயற்பியலும் படிக்க வேண்டும். அவனும் படித்தான். சுமாராகப் படித்தான்.

எனக்கும் என் கணவருக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நாங்கள் அந்தச் சமயத்தில் நிறுத்தியிருந்தோம். அப்படிப்பட்ட வீட்டுக்குள் திடீரென்று ஆறடிப் பையன் ஒருவன் வந்து, பால் கேனை வாயில் வைத்துக் குடித்துவிட்டு, சேறு அப்பிய ஷூவை கராஜில் கழற்றிப் போட்டுவிட்டு, "சித்தி, ரசம் இருக்கா?" என்று கேட்டால் எப்படி இருக்கும். ரசம் என்ற சொல்லும் சித்தி என்ற சொல்லும்தான் அநேகமாக அவன் பேசிய தமிழ். நாங்கள் பேசுவது எல்லாம் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். ரசத்தை மட்டும் காபி மக்கில் ஊற்றி நின்றுகொண்டே குடிப்பான்.

நான் அப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒய்டூகே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பாமல் இருக்க, வாரம் முழுக்கப் பழைய புரோகிராம்களில் வருடங்களைத் தேடித் திருத்துகிற வேலை. சனிக்கிழமை மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் மேட்ச்சுக்குப் போய்விடுவேன். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இடது பக்கம் பின்னால் நிற்பான், பந்து அவனிடம் வருவதே அபூர்வம். பந்து தன்னிடம் இல்லாதபோது தான் என்ன செய்கிறான் என்று பார்க்கச் சொன்னான். அப்படிப் பார்க்கப் பழகிய பிறகு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. எதிர்ப்பக்கத்து ஆள் ஓட நினைப்பதற்கு முன்பே இவன் இரண்டு அடி நகர்ந்து வழியை அடைத்திருப்பான்.

மறு வருடம் மே மாதத்தில் அவனுடைய கோச், உயரமான டச்சுக்காரர் ஒருவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஆட்டக்காரர்களுக்கு கிளப் பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ட். நான் காபியும் முறுக்கும் கொடுத்தேன். ஹாலந்தில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் கிளப்புக்கு, இரண்டாம் டிவிஷன், இடது கால் டிஃபென்டர் ஒருவன் வேண்டுமாம். அந்த ஊர் கோச் இவன் ஆடிய ஒரு டோர்னமென்ட்டைப் பார்த்திருக்கிறார். இரண்டு வருட காண்ட்ராக்ட். இங்கத்திய கிளப்புக்கு அவர்கள் ஏதோ ஒரு தொகை கொடுத்து அவனை டிரான்ஸ்ஃபர் செய்துகொள்வார்கள். சொல்லி முடித்துவிட்டு அவர் இன்னொரு முறுக்கு கேட்டார். அவன் சோபா நுனியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமாவுக்கு ஃபோன் செய்து சொல்லும் வேலை எனக்கு வந்தது. டிரான்ஸ்ஃபர் என்றால் ஊரில் பேங்க்கில் வேலை பார்ப்பவர்களை மாற்றுவதுதான் அவருக்குத் தெரியும். ஒரு கிளப்புக்கு இன்னொரு கிளப் பணம் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன்.

"அப்ப என் பையன வித்துட்டாங்க," என்றார்.

"அப்படி இல்ல மாமா."

"பின்ன எப்படிம்மா?"

அக்காவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன்.

அந்த வார இறுதியிலேயே அக்காவும் அவரும் காரில் கிளம்பி வந்துவிட்டார்கள். டைனிங் டேபிளில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். கால் உடைந்தால் என்ன செய்வாய் என்று மாமா கேட்டார். படிப்பேன் என்றான். அதை இப்போதே செய்தால் என்ன என்றார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய், நறுக்கி முடித்திருந்த பீன்ஸை இன்னும் பொடியாக நறுக்க ஆரம்பித்தாள். கடைசியில் மாமா, இரண்டு வருஷம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்றார். சம்மதத்தை அவர் திட்டுகிற குரலில்தான் சொன்னார்.

ஜூலையில் நூவர்க் ஏர்போர்ட்டுக்கு அக்கா வந்தாள், மாமா வரவில்லை. ஃபேக்டரியில் லீவு இல்லை என்றார். கிளம்புவதற்கு முந்தின நாள் ஃபோனில் அவன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டான். ஒரு மேட்ச்சாவது வந்து பார்க்க வேண்டும். பார்க்கலாம் என்றாராம்.

முதல் சில மாதங்கள் நன்றாகப் போயின. பதினேழாம் நம்பர் சட்டை கொடுத்தார்கள். முதல் மேட்ச்சை யாரோ வீடியோவில் எடுத்திருக்க, அதை எனக்கு ஒன்றும் அக்காவுக்கு ஒன்றுமாக அனுப்பினான். எங்கள் விசிஆரில் போட்டால் சாம்பல் நிறக் கோடுகள் உருண்டுகொண்டே இருந்தன. ஐரோப்பா டேப் அமெரிக்க மெஷினில் ஓடாது என்று என் கணவர் சொன்னார். பக்கத்து ஊரான எடிசனில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கி, கிறிஸ்துமஸ் லீவுக்குக் கனடாவில் அக்கா வீடு இருக்கும் மிசிசாகாவுக்குப் போகும்போது எடுத்துப் போனோம். படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. நானும் அக்காவும் டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பதினேழாம் நம்பரைத் தேடித் தேடிப் பார்த்தோம். மாமா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரொம்ப இளைத்துவிட்டான், அங்கே சோறு கிடைக்கிறதா இல்லையா என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவர் மனம் மாறியது ஃபேக்டரியில். கூட வேலை பார்க்கும் இத்தாலிக்காரர் ஒருவருக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, கேன்டீனில் எல்லோர் முன்னாலும் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். ஐரோப்பாவில் ஆடுகிறவனின் அப்பா நீயா என்று. பிறகு, அவன் ஆட்டத்தை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். மாமா இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை அவரே என்னிடம் ஃபோனில் சொன்னார். சொல்லிவிட்டு, மார்ச்சில் போகலாமா, நீயும் வர்றியாம்மா என்று கேட்டார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான், அக்கா, மாமா மூன்று பேரும் டிக்கெட் போட்டோம்.

அவனிடம் சொன்னபோது, இப்போது குளிர், கோடையில் வாருங்கள் என்றான். செலவைப் பார்த்துத் தடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த ஊர் ரயில் நிலையத்தில் கிளப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றான். முகம் வேறு மாதிரி இருந்தது. அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். மாமா கிளப்பின் கலரில் ஒரு மஃப்ளர் வாங்க வேண்டும் என்றார், ஸ்டேடியம் வாசலில் அதை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். ஜனங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் அவசரமே இல்லாமல் எங்களோடு நடந்து வந்தான்.

"நீ போய் ரெடி ஆகலையாடா? லேட் ஆகுதே," என்றார் மாமா.

அவன் நின்றான். "நான் ஆடல அப்பா. டீம்ல என் பேரு இல்ல."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல. கொஞ்ச நாளாவே."

அவனை அங்கே வரவழைத்த கோச்சை ஜனவரியில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர் தன்னுடைய ஆளைக் கொண்டுவந்துவிட்டார். இதை எங்களிடம் சொல்லாமல், ஃபோனில் வாராவாரம் பிராக்டிஸ் நன்றாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பிராக்டிஸ் நன்றாகத்தான் போயிருக்கும். அதுவரை பொய் இல்லை.

மாமா படியேறினார். நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம், அவன் அப்பாவுக்குப் பக்கத்தில். ஆட்டம் தொடங்கியதும் மாமா கேள்வி கேட்க ஆரம்பித்தார். மெஷின் வாங்க வந்தவர் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தக் கோடு எதற்கு, அவன் ஏன் கையைத் தூக்குகிறான், ஆஃப்சைடு என்றால் என்ன. அவன் மாமாவின் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டு விளக்கினான். அத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பாதி ஆட்டத்துக்கு மேல் மாமா, "உன் இடத்துல ஆடறவன் எவன்?" என்று கேட்டார். அவன் காட்டினான். அதற்குப் பிறகு மாமா பந்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இவன விட நல்லா ஆடுவியா?"

அவன் யோசித்தான். "சில நாள்," என்றான்.

அந்தப் பதில் மாமாவுக்குள் ஏதோ செய்தது என்று எனக்குப் படுகிறது. மஃப்ளரைக் கழற்றி மகன் கழுத்தில் போட்டுவிட்டார்.

அவன் இருந்தது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. அன்று சாயங்காலம் அவனிடமிருந்த ஒரே பாத்திரத்தில் அக்கா சோறு வடித்து, கொண்டுபோன பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுக் கொடுத்தாள். கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா தட்டைக் கீழே வைத்தார்.

"நான்தான்டா தப்பா நெனச்சிட்டேன். இது விளையாட்டு இல்ல, இது வேலை. உட்கார வெச்சா உட்காரு. ஆனா பாதில விட்டுட்டு மட்டும் வராத. காண்ட்ராக்ட் முடியட்டும். நான் இருக்கேன்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஓகே அப்பா," என்றான்.

எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவும் மகனும் சேர்ந்துவிட்டார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றிருந்தது. திரும்பும்போது பிளேனில் மாமா அந்தக் கிளப்பின் புரோகிராம் புத்தகத்தை, ஒரு வார்த்தை டச்சு தெரியாமல், பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவன் அங்கேயே இருந்தான். அந்த அக்டோபரில், இரண்டாம் அணிக்கான ஒரு மேட்ச்சில், மழையில், யாரும் பார்க்க வராத ஒரு காலையில், அவனுடைய முழங்கால் திரும்பிக்கொண்டது. ஒரு ஆபரேஷன் நடந்தது, அது சரியாகச் சேராமல் இன்னொன்று. குளிர்காலத்தோடு கிளப் கை கழுவிவிட்டது. நாகரிகமாகத்தான் செய்தார்கள் என்று அவன் சொன்னான்.

2001 மார்ச்சில் அவன் மிசிசாகா போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். பேஸ்மென்டுக்குப் படி இறங்குவது கஷ்டம் என்று மேலே விருந்தினர் அறையைக் கொடுத்தேன். பேச்சு குறைந்திருந்தது. ஒரு நாள் காய்கறி வாங்க எடிசனுக்குப் போகும்போது கூட வந்தான். 287 ஹைவேயில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தோம். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அதிசயமாக, தமிழில் சொன்னான்.

"அன்னிக்கு என் ரூம்ல, வீட்டுக்கு வான்னு அப்பா சொல்வார்னு நெனச்சேன் சித்தி."

பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தானாம். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கட்டிலுக்கு அடியில் அது இருந்திருக்கிறது. ஜனவரியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, அங்கே தனக்கு இனி இடமில்லை என்று. தானாகத் திரும்பி வர வெட்கம். அப்பா வந்து கூப்பிட்டால், அதைச் சாக்காக வைத்து வந்துவிடலாம் என்று காத்திருந்திருக்கிறான். இத்தனை வருடம் வேண்டாம் வேண்டாம் என்றவர், அன்றைக்கு மட்டும் இரு என்று சொல்வார் என அவன் எதிர்பார்க்கவில்லை.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு ஆங்கிலத்துக்குப் போய்விட்டான். அப்பா தன் ஆட்டத்தை மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை, அதற்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது என்றான். பிறகு இதை அவரிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்திருந்தன. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

எத்தனையோ தடவை அந்தச் சைக்கிள் கடை மாடி அறையை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மாமா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நல்ல அப்பா வேறு என்ன சொல்வார். ஒரு வருடம் முன்னால் அதையே சொல்லியிருந்தால் பையன் அதை இடுப்பில் முடிந்துகொண்டு போயிருப்பான். அவர் மாறியதும் சரி, அவன் களைத்துப்போனதும் சரி, இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜூலையில் அக்காவும் மாமாவும் வந்தார்கள். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பின்பக்கத்து டெக்கில் உட்கார்ந்திருந்தோம். மாமா இப்போது சாக்கர் பைத்தியம். இத்தாலிக்காரர் வீட்டுக்குப் போய்க் கேபிளில் மேட்ச் பார்க்கிறார். இடது டிஃபென்டர்களைப் பற்றி மகனிடம் நிறையப் பேசினார். அவன் கேட்டுக்கொண்டான். பேச்சு ஓய்ந்தபோது, மகனின் முழங்காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"இது யார் கையிலயும் இல்ல. ஆனா அன்னிக்கு பாதில விட்டுட்டு வராதன்னு உன்கிட்ட சொன்னேன் பாரு, அது ஒண்ணு நான் சரியா பண்ணேன்."

நான் தயிர்சாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தவள் கதவருகே நின்றேன்.

"ஆமா அப்பா," என்றான் அவன். "தேங்க்ஸ்."

மாமா தலையாட்டினார். அக்கா எல்லோருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.

ஆகஸ்டில் அவன் டெக்சாஸ் போனான். சுகர் லேண்டில் என் கணவரின் நண்பர் வீட்டில் தங்கி, பக்கத்து ஹூஸ்டனில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருந்தது. என் கணவரும் அவனும் மாறி மாறி டிரைவ் பண்ணிக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் பாட்டு கேட்டுக்கொண்டு வந்தான், சாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று கணவர் திரும்பி வந்து சொன்னார். சனிக்கிழமைகளில் மேட்ச் முடிந்ததும் மாமா அவனுக்கு ஃபோன் செய்வதாக அக்கா சொன்னாள். அவன் எடுத்துப் பேசுகிறானாம், ஒரு வாரம்கூடத் தவறவில்லையாம்.