ஓவர்லொக் தெரியாத தையல்காரி

கைகள் வெள்ளைத் துணியை மடித்து, நகத்தால் கீறி, ஊசி குத்தின. பள்ளிச் சீருடைக்கு நிறச் சோக்குக் கட்டியால் அடையாளம் போட்டால் சில சமயம் கறை விட்டுவிடும். நகக்கீறலை இஸ்திரி அழித்துவிடும். அதனால் நகம்.

பதுளை கடைவீதியில் ராமாமிர்தத்தின் தையற்கடை. அன்று அங்கே ஒரு வேலைக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். காலையில் முதலில் உட்கார்ந்தவன் கஜேந்திரன். மேலே சொன்ன கைகள் அவனுடையவை அல்ல. அவன் கைகளில் பளபளக்கும் பைல் ஒன்று இருந்தது. கொழும்பில் ஆறு வருடம் கட்டிங் மாஸ்டர், ஓவர்லொக் நிபுணர் என்றது அது. உண்மையில் அங்கே மற்றவர்கள் தைத்த சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கியவன் அவன். கௌரவமான வேலைதான். அவனுக்குத்தான் அது போதவில்லை.

துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெஷினை ராமாமிர்தம் காட்டினார். "நூல் கோத்து ஓட்டுங்க தம்பி."

"அங்க நமக்குன்னு ஒரு ஹெல்பர் இருந்தாங்க முதலாளி. அவங்கதான் கோத்துக் குடுப்பாங்க."

"ஊசியயாவது நீங்க பாத்திருக்கீங்களா, இல்ல அதையும் அவங்களேதானா?"

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன நிபுணர் திரும்பவில்லை. கடையில் இஸ்திரி மேசைக்கும் ஆள் இல்லாமல்தான் இருந்தது. மடிக்கத் தெரியும் என்று வாய் திறந்திருந்தால் மத்தியானமே வேலையில் சேர்ந்திருப்பான்.

அடுத்தவள் ஜெயலெட்சுமி. தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பழைய சீருடைகளைப் பிரித்துப் பார்த்தே தையல் பழகியவள். முதுகுவலியால் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திய பிறகு, தோட்டக் குடியிருப்பான லயத்தில் தீபாவளிக்கும் பள்ளி திறக்கும்போதும் வரும் துணிதான் வருமானம். மற்ற மாதங்களுக்கு இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

கஜேந்திரனுடையதைப் போலவே அவளுடைய விண்ணப்பத்தையும் பஸ் நிலையத்தில் டைப் அடிக்கும் கடைக்காரர்தான் அடித்துக் கொடுத்திருந்தார். அவரிடம் எல்லோருக்கும் ஒரே அச்சு. பதுளையில் வேலை தேடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் மூன்று மொழியும் கணினியும் தெரிந்திருப்பது அவருடைய புண்ணியம். ஜெயலெட்சுமி அதில் பல வரிகளைப் பேனாவால் குறுக்கே கோடிட்டு நீக்கியிருந்தாள்.

"என்னம்மா இது, கிறுக்கிக்கிட்டு வந்திருக்க?"

"அவரு போட்டுட்டாருங்க. எனக்கு ஓவர்லொக் தெரியாது. பாத்திருக்கேன், தொட்டதில்ல."

"இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?"

"உக்கார வச்சிப் பாத்தா எப்பிடியும் தெரிஞ்சிரும்ங்க."

அவர் ஒரு சீருடைத் துணியையும் அளவையும் நீட்டினார். வெட்டி, மடிப்பு வைத்து, சாதாரண மெஷினில் தைத்து முடித்தாள். பின்பக்கம் ஒரு மடிப்பு இலேசாக இழுத்தது. சூடாக இஸ்திரி போட்டால் அன்றைக்கு அடங்கிக் கிடக்கும், முதல் சலவையில்தான் பல்லிளிக்கும். அதற்குள் வேலை கிடைத்திருக்கும். அந்த உபாயத்திலேயே காலம் தள்ளும் கடைகள் இந்த வீதியில் உண்டு.

"முதலாளி, பின்னால ஒரு மடிப்பு இழுக்குது."

ராமாமிர்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

"பிரிச்சித் தைச்சிட்டுக் குடு. நாளைக்கு வா, ஓவர்லொக்க நான் காட்டுறேன்."

நூலைப் பிரித்தாள். நகத்தால் மறுபடி கீறி, தைத்து, இஸ்திரி போட்டாள். பின்பக்கம் மேலே தெரியும்படி மடித்து அவர் கையில் கொடுத்தாள்.