இல்லாத கிளட்சைத் திருடியவன்

தேனம்மை ஆச்சியின் ஹைபிரிட் காரிலிருந்து கிளட்சைக் கழற்றி விற்றுவிட்டான் பட்டறைக்காரன் முஜிபுர் ரகுமான் என்று காரைக்குடியில் ஒரு பேச்சு. சிங்கம்புணரியில் விற்றான் என்றார்கள் சிலர். இல்லை, மதுரையில் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. பார்த்தவர் மட்டும் யாருமில்லை. பேச்சின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால், அது அப்துல் சுபஹானின் வாயில் போய் முடிகிறது.

சுபஹான் முப்பது வருஷமாகப் புதுவயல் மில் லாரிகளுக்குக் கியர்பாக்ஸ் பார்ப்பவர். ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதே இல்லை என்று ஊர் சொல்லும். ஊர் மறந்தால் அவரே சொல்லுவார். முஜிபு அவரிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் போனவன். போனதில் சுபஹானுக்கு வருத்தமில்லை. போய் நன்றாகப் பிழைத்துக்கொண்டதில்தான்.

ஆச்சி வண்டியைக் கொண்டுவந்து, "அமுக்கி மிதிச்சா இரைச்சல்தான் ஏறுது, வேகம் அப்புறமாத்தான் வருது" என்றார்.

சுபஹான் யோசிக்கவே இல்லை. "கிளட்சு வழுக்குது ஆச்சி."

இறக்கிப் பார்த்தார். இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த தட்டு இருந்தது. அதை அழுத்தி விடுவிக்கிற கிளட்சுப் பாகத்தைக் காணோம்.

"இதுக்கு முன்னாடி வண்டியத் தொட்டது யாரு?"

"முஜிபுதான். ஆயில் மாத்துனான்" என்றார் ஆச்சி.

அவ்வளவு போதும். எதிர்த்த டீக்கடையில் பதினைந்து பேருக்கு நடுவே சுபஹான் முழங்கினார்: "எங்கிட்டத் தொழில் படிச்சவன்தான். களவ எங்குட்டுப் படிச்சான்னு தெரியலப்பா!"

மறுநாள் ஆச்சி சுபஹான் முன்னாலேயே, கார் வாங்கிய இடத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அந்த வண்டிக்குக் கிளட்சே கிடையாதுங்களே" என்றது போன்.

ஆச்சி திட்டவில்லை. "மாட்டிக் குடுங்க பாய். செவ்வாக்கிழமை கண்டரமாணிக்கம் போகணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

சுபஹான் கியர்பாக்ஸைப் பிரித்து, கையால் சுற்றிப் பார்த்தார். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில குட்டிச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். குட்டிகளைத் தாங்கும் சட்டத்தை இஞ்சின் சுற்றும். நடுச்சக்கரம் ஒரு மின்மோட்டாரோடு. வளையம் இன்னொரு மோட்டாரோடும் டயரோடும். எல்லாம் எப்போதும் ஒன்றையொன்று கடித்தபடியே. நடு மோட்டார் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், கியர் மாறின மாதிரிதான். எதையும் விடுவிக்க வேண்டியதில்லை. கிளட்சுக்கு அங்கே வேலையே இல்லை. இஞ்சின் தனக்குத் தோதான வேகத்தில் இரையும், வண்டி தன்பாட்டுக்கு ஏறும். ஆச்சி கேட்ட இரைச்சல் அதுதான். கோளாறே இல்லை.

புரிய இரண்டு நிமிஷம் ஆனது. காது மடல்வரை சுட்டது.

முஜிபின் பட்டறைக்குப் போனார். போன வாரம் ஆறு வண்டி நின்ற இடத்தில் ஒரு பழைய வேன் மட்டும் நின்றது.

"தப்பு எம்மேலதான் முஜிபு" என்றார், அந்த வேனுக்கே கேட்காத குரலில்.

"எங்கிட்ட வந்து குசுகுசுங்கிறீகளேண்ணே! டீக்கடையில சத்தமாத்தானே சொன்னீக? அங்கனயே போய்ச் சத்தமாச் சொல்லுங்க."

தினமும் போகிறார். பதினைந்து பேரும் இருக்கிறார்கள். எழுந்து நின்று தொண்டையைச் செருமுகிறார். "என்ன பாய்?" என்கிறார் டீ மாஸ்டர். "சீனி கம்மியா ஒண்ணு" என்று உட்கார்ந்துவிடுகிறார். இருபத்துமூன்று நாளாகிறது. முஜிபுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.