கட்டைவிரல் உயர எழுத்து

மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வேதியியல் நடத்திவந்த அந்த ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் லிட்மஸ். சரியான பதில் சொன்னால் ஒரு நிறம், தப்பாகச் சொன்னால் வேறொரு நிறம் என்று அவர் முகம் மாறிவிடும். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர் என்று ஆசிரியர் அறையிலும் பேர் வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவர் இரண்டு வருடமாக ஒரு விஷயத்தை ஈ காக்கைக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் இடது பக்கம். கதவு நிலையில் தோள் இடித்தது. படிக்கட்டில் கடைசிப் படி இல்லாமல் போனது. வெளிச்சம் குறைந்த இடத்தில் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து கரைந்தன. கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. இன்னதுதான் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். ஐம்பது வயதில், மேசையில் விழுந்த திருகாணியை உள்ளங்கையால் துழாவித் துழாவித் தேடினார். ஐம்பத்து மூன்றில் சாப்பாட்டுத் தட்டையே அப்படித் தேடினார். மகளுக்கு இப்போது நாற்பத்தொன்பது.

டாக்டரிடம் போனால் அது உறுதியாகிவிடும் என்று பயந்தார். பள்ளியில் தெரிந்தால் லேபை விட்டு வெளியேற்றுவார்கள் என்று பயந்தார். கணவரிடம் சொல்லவும் பயம். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த அவர், கேட்ட மறுநிமிடமே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அதனால் வாயைத் திறக்காமல், இருக்கிற பார்வையை வைத்து ஒப்பேற்றக் கற்றுக்கொண்டார். படிகளை எண்ணி வைத்துக்கொண்டார். வகுப்பில் ஒரே இடத்தில் நின்று பாடம் நடத்தினார். லேபில் அமில பாட்டில்கள் எல்லாவற்றையும் வலது பக்கத்துக்கு மாற்றினார்.

அந்த வருடத்துப் பன்னிரண்டாம் வகுப்பு அவருக்கு வரப்பிரசாதமாக அமைந்தது. யாரும் சும்மா கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். விடைத்தாளில் எழுத்துகள் முத்து முத்தாகப் பெரிதாக இருந்தன. வகுப்புத் தலைவி, லீடர் என்றே எல்லாரும் கூப்பிட்ட ஒல்லிப் பெண், லேபில் எப்போதும் அவருடைய இடது பக்கமாகவே வந்து நின்றாள். பாட்டிலை எடுக்கக் கை நீட்டினால், “நான் ஊத்துறேன் டீச்சர்” என்று முந்திக்கொள்வாள். ஒழுக்கம் என்றால் இந்த வகுப்பிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியை மற்ற ஆசிரியர்களிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

வருடக் கடைசியில் பிரிவு விழா நெருங்க நெருங்க அவருக்குப் பயம் கூடியது. பள்ளியை முடித்துப் போகும் வகுப்பு ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதும். ஆசிரியர் மேடையேறி, அதை அங்கேயே பிரித்து, மைக்கில் எல்லாருக்கும் கேட்க வாசிக்க வேண்டும். தலைமையாசிரியை கொண்டுவந்த ஏற்பாடு இது. முந்தின வருடம் ஆசிரியை கடிதத்தை முகத்துக்கு மிக அருகில் பிடித்துத் திக்கித் திணறி ஒப்பேற்றியிருந்தார். இந்த வருடம் அதுவும் முடியாது. அரங்கத்தில் பாதி விளக்கு எரியாது. அந்த மங்கலில் தாள் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்.

லீவு கேட்டுப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் தர முடியாது என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு வழி தோன்றியது. கடிதத்தைப் பிரித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுகை வருகிறது, வாசிக்க முடியவில்லை என்று சொல்லிவிடுவது. லிட்மஸ் அழுதால் யார் நம்ப மாட்டார்கள்? குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார். முந்தின நாள் மாலை யாரும் இல்லாத அரங்கத்துக்குப் போய் மேடைப் படிகளையும் எண்ணிக்கொண்டார். ஐந்து.

விழா அன்று அவர் பெயரை அழைத்தார்கள். எழுந்தார். கைதட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே புரியவில்லை. முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவதில் கால் எதிலோ இடித்தது. அலங்காரத்துக்காகக் காலையில் யாரோ பூந்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த நொடியில் இடது முழங்கைக்கு அடியில் ஒரு கை வந்து தாங்கியது. லீடர். ஏதோ மரியாதைக்கு அழைத்துப் போகிறவள்போலச் சிரித்த முகத்தோடு மேடையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கடிதம் கைக்கு வந்தது. கனமாக இருந்தது. சார்ட் தாளை நான்காக மடித்திருந்தார்கள். அழுவதற்குத் தயாராகிக்கொண்டே பிரித்தார்.

எழுத்துகள் தெரிந்தன.

தடித்த கறுப்பு மையில், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். வரிகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்த மங்கலிலும் ஒரு கால்கூடப் பிசகாமல் தெரிந்தன.

ஆசிரியை அந்த எழுத்துகளையே பார்த்தார். இவர்களுக்குத் தெரியும். எத்தனை பேருக்கு? எப்போதிலிருந்து? முதல் வரிசையில் தலைமையாசிரியை உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. தாளின் பின்பக்கம் மை ஊறியிருக்குமோ, இவ்வளவு பெரிய எழுத்து எதற்கு என்று அவர் யோசிப்பாரோ? தாளை நெஞ்சுக்கு அருகே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று அரங்கம் அமைதியானது.

“டீச்சர், எங்கள்ல பாதிப் பேருக்கு வேதியியல் பிடிக்காது. லேபுக்கு வரவே பயந்தோம். ஒரு சொட்டு அதிகமா விழுந்தா மறுபடி முதல்லேருந்து பண்ணலாம், அதுக்கெல்லாம் பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. நாற்பத்தோரு பேருக்கும் சலிக்காம மறுபடி மறுபடி அமிலம் அளந்து குடுத்தீங்க. ஒருத்தரையும் முட்டாள்னு சொன்னதில்ல. அதை நாங்க மறக்க மாட்டோம்.”

அவ்வளவுதான். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரங்கம் கைதட்டியது. தலைமையாசிரியையும் தட்டினார். ஆசிரியைக்கு மட்டும் ஒரு சத்தமும் காதில் ஏறவில்லை.

விழா முடிந்ததும் நேராக லேபுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. லீடர் உள்ளே வந்தாள். வழக்கம்போல இடது பக்கம் வராமல், நேர் எதிரே வந்து நின்றாள்.

ஆசிரியைதான் முதலில் கேட்டார். “எப்பலேருந்து தெரியும்?”

“ஜூலைலேருந்து, டீச்சர். இடது பக்கம் கை தூக்கினவங்களை நீங்க பார்க்கவே இல்ல.”

“எல்லாருக்குமா?”

“எங்க கிளாசுக்கு மட்டும். வெளியில யாரும் மூச்சு விடல.”

பெயர் சொல்லிப் பேசியதும், பெரிதாக எழுதியதும் அவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு என்று அப்போதுதான் ஆசிரியைக்குப் புரிந்தது. பெருமை அடித்துக்கொண்ட நாள்களை நினைத்து முகம் சிவந்தது. ஒரு பக்கம் நெகிழ்ச்சி, ஒரு பக்கம் வெட்கம். நல்ல பிள்ளைகள், காட்டிக்கொடுக்கவில்லை, இனி பயமில்லை என்றுகூட ஒரு நொடி நினைத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தார்.

ஆனால் லீடர் அதற்காக வரவில்லை. விரல்களைப் பிசைந்துகொண்டே நின்றாள். அவளும் பயந்திருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது.

“டீச்சர், கேஸ் குழாய் மூணு தடவை திறந்தபடியே இருந்துச்சு.”

ஆசிரியைக்கு விளங்கவில்லை.

லேபில் மூன்று நீள மேசைகள், மேசைக்கு நான்கு குழாய்கள். வெளியே சிலிண்டரை மூடும் வால்வு இறுகிப்போய், ரிப்பேருக்கு எழுதிப் போட்டும் பதில் வரவில்லை. லேப் உதவியாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளும் போடவில்லை. அதனால் பன்னிரண்டு குழாய்களும் மூடியிருக்கின்றனவா என்று தினமும் கடைசியில் நடந்து பார்ப்பது ஆசிரியையின் வேலை. நடந்துதான் பார்த்தார். இடது ஓரத்துக் குழாய் அவர் கண்ணுக்குள்ளேயே வரவில்லை; அமில நெடியில் பழகிப்போன மூக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

மறந்துவைத்த நோட்டை எடுக்க ஒரு நாள், லேபைப் பூட்டும் முன் திரும்பி வந்தபோது வாடை அடித்ததாம். லீடர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி மூடியிருக்கிறாள். அதற்கப்புறம் வகுப்பில் முறை வைத்துக்கொண்டார்கள். லேப் இருக்கும் நாளெல்லாம் ஆசிரியை பூட்டுவதற்கு முன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி ஒருவர் உள்ளே வந்து பன்னிரண்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அப்படி இன்னும் இரண்டு முறை திறந்திருந்த குழாயைக் கண்டுபிடித்து மூடியிருக்கிறார்கள்.

ஆசிரியை உட்கார்ந்திருந்த ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் வந்து, பர்னரை மூட்டத் தீக்குச்சியைக் கிழிப்பவர் அவர்தான். எதிரே நாற்பத்தோரு பிள்ளைகள் நிற்பார்கள்.

“ஏன் அப்பவே யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா உங்களை அனுப்பிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. நாங்க பார்த்துக்கலாம்னு நினைச்சோம்.” பெண்ணின் குரல் உடைந்தது. “இப்ப நாங்க போறோம் டீச்சர். அடுத்து வர்றவங்களுக்கு எதுவும் தெரியாது. என் தங்கச்சியும் அதுல வர்றா. நீங்களே சொல்லிடுங்க டீச்சர்.”

சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று அவள் மிரட்டவில்லை. அழுதுகொண்டே கும்பிட்டாள். ஆசிரியை அவள் தலையில் கை வைத்தார். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பன்னிரண்டு குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்தார். எல்லாம் மூடியிருந்தன. மறுபடி ஒரு முறை தடவினார். பிறகு லேபைப் பூட்டினார்.

தலைமையாசிரியையின் அறைக்கு நாற்பது அடி தூரம்கூட இருக்காது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், முதலில் டாக்டரைப் பார்க்கலாம், விடுமுறை முடியட்டும் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு சாக்கு வந்தது. வாசலில் நின்று இரண்டு முறை திரும்பினார். மூன்றாவது முறை, உள்ளேயிருந்து யார் அது என்று குரல் வந்ததால் போக வேண்டியதாயிற்று.

சொன்னார். கண்ணையும் சொன்னார், குழாயையும் சொன்னார். பிள்ளைகள் மூடியதைச் சொல்லும்போது மட்டும் பேச்சு நின்று நின்று வந்தது.

தலைமையாசிரியை ஆறுதல் சொல்லவில்லை. அவர் முகத்திலும் ரத்தம் வற்றிவிட்டது.

“ரெண்டு வருஷம் இதை வச்சுக்கிட்டு அந்த லேபுக்குள்ள போயிருக்கீங்க. ஏதாவது ஆகியிருந்தா அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

ஆசிரியை தலை குனிந்து நின்றார். சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். தலைமையாசிரியை அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அப்புறம்தான் உட்காரச் சொன்னார். சிலிண்டர் வால்வு ரிப்பேருக்கு எழுதிய கடிதம் தன் மேசையிலேயே ஐந்து மாதமாகக் கிடக்கிறது, தன் மேலும் தப்பு இருக்கிறது என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

கணவரிடம் சொன்னபோது ஆசிரியை எதிர்பார்த்தபடியே நடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி கேட் திறக்கும் முன்னாலேயே இருவரும் போய் நின்றார்கள். கணவர் திட்டவில்லை. இரண்டு வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் கவனிக்காமல் போனேனே என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் நிறையவே மிச்சமாகியிருக்கும். அதைக் கேட்டபோது ஆசிரியை கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவருக்கு லேப் இல்லை. அதற்கு வேறோர் ஆசிரியர் வந்தார். பள்ளி திறப்பதற்குள் வால்வையும் மாற்றினார்கள். ஜன்னல் பக்கம் வெளிச்சமான ஒரு வகுப்பறையில் பாடம் மட்டும் நடத்தச் சொல்லி இவரை வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண்ணில் அழுத்தம் பார்க்கப் போக வேண்டும். போகிற நாளுக்கு முந்தின நாள் அவருக்குச் சோறு இறங்காது. கணவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வருவார். கூப்பிடும்வரை இருவரும் வராந்தா பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள்.