இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு பள்ளிகள்

இன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கு ஆண்டு முடிவில் இதுவும் வேலை. பிள்ளைகள் சேராவிட்டால் முதல் வகுப்பை மூடிவிடுவார்கள்.

ஒரு வீட்டில் ஆறு வயது இரட்டைப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும்.

அவர்களின் அப்பா ஏற்கெனவே ஆங்கிலப் பள்ளியையும் எங்கள் பள்ளியையும் ஒப்பிட்டு வைத்திருந்தார்.

"இங்கிலீஷ் ஸ்கூல்ல திடல் இருக்கு, லைப்ரரி இருக்கு. படிச்சு முடிச்சா கவர்மெண்ட் வேலை லா. உங்க ஸ்கூல்ல கூரை ஒழுகுது டீச்சர்."

"ஒழுகுதுதான்," என்றேன்.

"அதனால பையனை அங்க போட்டுட்டேன். பாப்பாவை உங்ககிட்ட விடுறேன்."

கதவோரம் நின்ற பாப்பா கேட்டாள்: "அப்ப மழை வந்தா நான் மட்டும் நனையணுமாப்பா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "கட்டிக்கொடுக்கப் போற பொண்ணுக்கு இது போதும் டீச்சர்."

வாயைத் திறந்தால் ஒரு பிள்ளை குறையும். திறக்கவில்லை. பெயரை எழுதிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் மகனுக்குப் பள்ளி பார்த்த பிறகு மகள் மிச்சம் இருந்தால் சொல்லியனுப்புங்கள். நாளை உங்கள் தெருவுக்கு வருகிறேன்.